ஒன்பது மதிப்பெண் தூரத்தில் நிற்கும் ஆசிரியைக்கு

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரோ பள்ளியோ தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 38 வயது. எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து தமிழ்நாட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் பாடம் எடுத்தவர். கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வேலை அனுமதி கிடைத்ததும் ஒரு அரசுப் பள்ளியின் கிண்டர்கார்டன் வகுப்பில் உதவியாளராகச் சேர்ந்தார். குழந்தைகள் இவரிடம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, "நீங்களே டீச்சர் ஆகலாமே" என்று வகுப்பாசிரியை சொல்ல, மாற்று வழிச் சான்றிதழ் திட்டம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார். ஆரம்ப வகுப்புகளுக்கான பாடத் தேர்வில் முதல் முறையே தேறியும் விட்டார். தடுக்கி விழுந்தது எஸ்டிஆர் என்று எல்லோரும் சொல்லும் 'சயின்ஸ் ஆஃப் டீச்சிங் ரீடிங்' (வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவியல்) தேர்வில்தான். முதல் முறை 224, இரண்டாம் முறை 231. தேறுவதற்கு 240 வேண்டும்.

அவர் எழுதிய சில வரிகளை அப்படியே தருகிறேன். "தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்ற தேர்வை நான் எழுத நினைத்ததே தப்போ என்று தோன்றுகிறது. என் உச்சரிப்பைக் கேட்டு என் பிள்ளைகளே திருத்துகிறார்கள். 'உனக்கு எதுக்கு இந்த வேலை' என்கிறார் வீட்டுக்காரர்." தொடர்ந்து நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நானூறு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்து, பயிற்சித் தேர்வுகளை மூன்று முறை போட்டும் ஏன் தேறவில்லை? உண்மையான தேர்வுக் கேள்விகளைத் தருவதாக வாட்ஸ்அப் குழு ஒன்றில் பணம் கேட்கிறார்கள், சேரலாமா? எஸ்டிஆர் தேவைப்படாத 4 முதல் 8 வரையிலான கணிதச் சான்றிதழுக்கு மாறிவிடலாமா? கடைசியாக, தன் ஏழு வயது மகன் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டி நன்றாகப் படிக்கிறான், ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறான், இரண்டு மொழியும் சேர்ந்து அவனைக் குழப்புகிறதா? பயிற்சிக்காக எழுதிப் பார்த்த ஒரு பதிலையும் மதிப்பெண் விவரத் தாளையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் இதே மாநிலத்தில் பதினாறு வருடமாக ஆரம்பப் பள்ளியில் வாசிப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். எஸ்டிஆர் எழுதும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 224-இலிருந்து 231-க்கு வந்திருக்கிறீர்கள், இன்னும் ஒன்பது மதிப்பெண்தான். அந்த ஒன்பதும் எங்கே தொலைந்தது என்பது நீங்கள் அனுப்பிய தாளில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் உச்சரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தத் தேர்வில் யாரும் உங்களைப் பேசச் சொல்வதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து 90 கொள்குறிக் கேள்விகளுக்கும் ஒரு எழுத்துப் பதிலுக்கும் விடை தருகிறீர்கள், அவ்வளவுதான்.

தமிழில் படித்தது உங்கள் முதலீடு

'தமிழ் மீடியத்தில் படித்தவள்' என்று மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும். இந்தத் தேர்வில் 43 சதவீதம் அடிப்படை வாசிப்புத் திறன்கள் என்ற பகுதி. அதன் உயிர்நாடி ஒரே ஒரு விஷயம்தான்: பேச்சில் வரும் ஒரு சொல் தனித்தனி ஒலிகளால் ஆனது என்று குழந்தைக்குப் புரிய வேண்டும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு பொருத்தத் தெரிய வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்து கல்லூரி முடித்த என் சக ஆசிரியர்கள் பலருக்கு இது முதல் நாளில் பிடிபடுவதில்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சொல் என்றாலே எழுத்துக்கூட்டல்தான் கண்ணுக்கு வரும். நமக்கோ ஒன்றாம் வகுப்பிலேயே க் + அ = க, க் + ஆ = கா என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்ததே ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் கணக்குதான். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்து, உயிர் ஒட்டாத தனி ஒலி இது என்று காட்டும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

இது வெறும் பெருமைக்குச் சொன்னதில்லை, வகுப்பில் நேரடியாகப் பயன்படுகிறது. ஆங்கில ஒலிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது 'ப்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ப' என்று ஒரு உயிரை ஒட்டிச் சொன்னால், குழந்தை 'ப-ஆ-ட' என்று சேர்த்துப் பார்த்துவிட்டு 'பாட்' எங்கே என்று விழிக்கும். இந்தத் தவறை வைத்தே தேர்வில் கேள்வி வரும். புள்ளி வைத்த எழுத்தை அறிந்த உங்களுக்கு இதை விளக்க ஆளே வேண்டாம்.

அதே மாதிரி சொற்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொருள் காண்பது. முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு என்று இங்கே பெரிய தலைப்பாக வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்களே, பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறாகப் பிரித்து! அந்தக் கண்ணோடு ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். 'சைன்' என்ற சொல்லில் ஜி எழுத்து ஏன் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், 'சிக்னல்' என்ற உறவுக்காரச் சொல்லோடு உள்ள தொடர்பை எழுத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒலியை மட்டும் காட்டுவதில்லை, பொருளையும் வம்சத்தையும் சேர்த்துக் காட்டுகிறது என்பது பிடிபட்டால் அந்தப் பகுதியில் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அதற்காகத் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை, சில இடங்களில் காலை வாரும். 'பல்', 'தம்பி' இரண்டிலும் ஒரே ப தான், ஒலி வேறு வேறு. இடத்தைப் பார்த்து நாமே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இரண்டும் தனித்தனி ஒலியன்கள், தனித்தனி எழுத்துகள், மாற்றினால் பொருளே மாறிவிடும். தாய்மொழியிலிருந்து எது உதவியாக வந்து சேரும், எது இடறும் என்று இரண்டாம் மொழிக் குழந்தைகளைப் பற்றிக் கேட்பார்கள். அந்த இடத்தில் உங்கள் சொந்த அனுபவமே பாடப் புத்தகம். இன்னொன்று, நாம் அசை அசையாகத்தான் காதில் வாங்குகிறோம், அதனால் ஆங்கிலச் சொற்களில் ஒலிகளை எண்ணும்போது சறுக்கும். தினமும் பத்துச் சொல் எடுத்து விரல் மடக்கி எண்ணுங்கள். 'ஷிப்' மூன்று ஒலி, 'தம்' என்று உச்சரிக்கும் கட்டைவிரல் மூன்று ஒலி (கடைசியில் எழுதும் பி ஒலிக்காது), எட்டு என்ற பொருளில் வரும் 'எய்ட்' ஐந்து எழுத்து இருந்தும் இரண்டே ஒலி, 'ஃபாக்ஸ்' மூன்றே எழுத்து ஆனால் நான்கு ஒலி. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பில் 'ஃபாக்ஸ்' மூன்று என்று நானும் கை தூக்கியிருக்கிறேன். எழுத்தை மறந்து காதை மட்டும் நம்பப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அது இல்லாமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியாது.

மனப்பாடம் ஏன் கைவிட்டது

நானூறு பக்கக் குறிப்பில் சொற்களுக்கெல்லாம் விளக்கம் இருந்திருக்கும். தேர்வு விளக்கத்தைக் கேட்பதில்லை. ஒரு குழந்தையைக் காட்டி, அடுத்து என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறது. உதாரணமாக ஒரு கேள்வியை நானே உருவாக்கிச் சொல்கிறேன். ஒரு கிண்டர்கார்டன் பிள்ளை சொற்களை அசை பிரித்துக் கைதட்டுகிறான், எதுகை மாதிரி ஒத்து ஒலிக்கும் சொற்களையும் கண்டுபிடிக்கிறான், ஆனால் 'சன்' என்ற சொல்லின் முதல் ஒலி எது என்றால் தெரியவில்லை. ஆசிரியை அடுத்து எதைச் செய்வது பொருத்தம்? பெரிய படக்கதைப் புத்தகத்தைச் சேர்ந்து வாசிப்பது, எழுத்து அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பது, அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்குவது, ஒரே ஒலியில் தொடங்கும் படங்களைச் சேர்த்து முதல் ஒலியைத் தனியாகச் சொல்ல வைப்பது. நான்குமே நல்ல விஷயம்தான், நல்ல வகுப்பில் நான்கும் நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தடுக்கி நிற்கும் படிக்கு நேர் அடுத்த படி கடைசி விடை மட்டும்தான். சொல், அசை, அசைக்குள் முதல் ஒலியும் மீதியும், அப்புறம் தனி ஒலி என்று காது வளரும் வரிசை மனதில் இருந்தால் விடை தானாக நிற்கும். நீங்கள் ஆறு வருடம் பாடம் நடத்தியவர், நான்கு விடையும் உங்களுக்கு நல்லதாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை, அனுபவமுள்ளவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் வழுக்குகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் நீங்கள் விட வேண்டும். உங்கள் வகுப்பறைச் சுவரில், தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி என்று ஒரு படம் ஒட்டியிருந்ததாகவும் அது உங்களுக்குப் பிடித்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். 'த்ரீ க்யூயிங்' என்று பெயர். பல வருடம் பல பள்ளிகளில் இருந்த முறை. தடுமாறும் வாசகர்கள்தான் ஊகத்தை நம்பி நிற்கிறார்கள், தேர்ந்த வாசகர்கள் எழுத்துகளைத்தான் முழுக்கப் படிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியதால் பல இடங்களில் இது கைவிடப்பட்டது. டெக்சாஸில் 2023-இல் இயற்றிய எச்பி 1605 சட்டம், கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை வாசிப்புப் பாடத்தில் இதைச் சேர்க்கவே கூடாது என்கிறது. தேர்வில் 'படத்தைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்' என்று ஒரு விடை எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும் தொடாதீர்கள்.

அதற்காக வாசிப்பு அறிவியல் என்றால் ஃபோனிக்ஸ் (எழுத்தோடு ஒலியைப் பொருத்திப் படிப்பது) மட்டும்தான் என்று எதிர்ப்பக்கம் போய்விடவும் கூடாது, உங்கள் கடிதத்தில் அந்தத் தொனி இருக்கிறது. 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்ன ஒரு சூத்திரம் கணித ஆசிரியையான உங்களுக்கு உடனே பிடிக்கும். எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டின் பெருக்கல்தான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிக்கு யாராவது ராமாயணத்தை வாசித்துக் காட்டினால் ஒரு வரி விடாமல் புரியும், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அகநானூற்றுப் பாட்டைப் பதம் பிரித்துக் கொடுத்தால் தடங்கலில்லாமல் வாசிப்பான், என்ன புரிந்தது என்று கேட்டால் விழிப்பான். பாட்டிக்குத் தேவை எழுத்துப் பாடம், பேரனுக்குத் தேவை சொல்வளமும் பின்னணி அறிவும். தேர்வில் வரும் ஒவ்வொரு குழந்தையும் இவன் பாட்டியா பேரனா என்று முதலில் பாருங்கள் (இரண்டிலும் பின்தங்கியவர்களும் வருவார்கள்).

பின்னணி அறிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1988-இல் வந்த ஒரு ஆய்வைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று தெரியாதவரிடம் கிரிக்கெட் செய்தியைக் கொடுத்தால் என்ன ஆகும், அதே கதைதான். சமூக அறிவியல், அறிவியல் பாடங்களைத் தள்ளிவிட்டு வாசிப்புப் பயிற்சி மட்டும் கொடுப்பது போன்ற விடைகள் ஏன் தவறு என்று இதிலிருந்தே புரிந்துவிடும்.

ஒன்பது மதிப்பெண் இருக்கும் இடம்

உங்கள் மதிப்பெண் தாளில் கொள்குறிப் பகுதிகள் மோசமில்லை. மிகக் கீழே இருப்பது எழுத்துப் பதில். அந்த ஒரே கேள்விக்கு மொத்தத்தில் 20 சதவீதம். நீங்களோ கொள்குறிக் கேள்விகளை மூன்று முறை போட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள், எழுத்துப் பதிலை இரண்டே தடவைதான் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள்!

அதில் ஒரு மாணவரைப் பற்றிய சில ஆவணங்களைக் கொடுப்பார்கள், வாய்விட்டு வாசித்தபோது செய்த பிழைகள், கதையைத் திருப்பிச் சொன்ன விதம், ஆசிரியையின் குறிப்பு என்று. அடிப்படைத் திறனில் ஒரு முக்கியத் தேவையையும், புரிந்துகொள்வதில் ஒரு முக்கியத் தேவையையும் ஆவணத்திலிருந்து ஆதாரம் காட்டிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பித்தல் முறையை விவரித்து, அது ஏன் பலன் தரும் என்று 400 முதல் 600 சொற்களில் எழுத வேண்டும். நீங்கள் அனுப்பிய பயிற்சிப் பதிலில் அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமியைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'அவளுக்கு ஃபோனிக்ஸ் வரவில்லை. நிறைய ஊக்கம் தர வேண்டும். வீட்டில் பெற்றோர் தினமும் வாசிக்க வைக்க வேண்டும்.' அன்பான பதில். நல்ல டீச்சரின் மனசு அதில் தெரிகிறது. ஆனால் மதிப்பெண் போடுபவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அவள் பிழைகளை நான் பார்த்தேன். கேட் (பூனை), ஸ்டாப், டெஸ்க் மாதிரிச் சொற்களைச் சரியாக வாசிக்கிறாள். 'கோட்' என்பதைக் 'காட்' என்கிறாள், 'ஃபீட்' என்பதை 'ஃபெட்' என்கிறாள், மழை என்ற பொருளில் வரும் 'ரெய்ன்' அவள் வாயில் ஓடினான் என்ற பொருளில் வரும் 'ரேன்' ஆகிறது. அப்படியானால் ஃபோனிக்ஸ் வரவில்லை என்று சொல்வது அவளுக்கு அநியாயம், குறில் உயிரோடு மெய்யில் முடியும் சொற்கள் அத்தனையும் அவளுக்கு வருகிறது. இரண்டு உயிரெழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் ஜோடிகள் மட்டும்தான் வரவில்லை, முதல் எழுத்தை மட்டும் குறிலாக வாசித்துவிட்டுப் போகிறாள். இதைத்தான் எழுத வேண்டும், மூன்று பிழைகளையும் எடுத்துக்காட்டி. அப்புறம் முறை: ஒரு ஜோடியை மட்டும் எடுத்து அதன் ஒலியை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பேன், எழுத்துச் சில்லுகளால் 'காட்' என்று அடுக்கி ஒரு எழுத்தைச் சேர்த்து 'கோட்' ஆக்கிக் காட்டுவேன், அவளைச் செய்ய வைப்பேன், அந்த ஜோடி வரும் சொற்களை நான் சொல்ல அவள் எழுதுவாள், அதே சொற்கள் வரும் சின்னப் பத்தியை வாசிப்பாள். ஏன் பலன் தரும் என்றால், வாசிக்கவும் எழுதவும் ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அந்தச் சொற்கள் அவள் நினைவில் எழுத்து வடிவமாகப் பதியும், அப்புறம் தடுமாறாமல் வாசிப்பாள், மிச்சமாகும் கவனம் பொருளுக்குப் போகும். பெற்றோர், ஊக்கம், ஆர்வம் எதுவும் வேண்டாம். அவையெல்லாம் உண்மைதான், ஆனால் கேள்வி உங்கள் வகுப்பறையில் நீங்கள் செய்வதைப் பற்றியது.

அவள் கதையை எப்படித் திருப்பிச் சொன்னாள் என்பதிலும் ஒரு ஆதாரம் கிடக்கிறது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறாள், அந்தப் பையன் ஏன் பையைத் திருப்பிக் கொடுத்தான் என்றால் 'தெரியலை' என்கிறாள். எழுதப்பட்டதைப் பிடிக்கிறாள், எழுதப்படாததை ஊகித்து எடுக்க முடியவில்லை. இங்கே ஆசிரியை தன் யோசனையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டும் முறையை விவரிக்கலாம், கதை இதைச் சொல்கிறது, எனக்கு ஏற்கெனவே இது தெரியும், அதனால் இப்படி நினைக்கிறேன் என்று மூன்று படியாக. இதையும் உங்கள் பதிலில் நீங்கள் தொடவே இல்லை.

வாரத்துக்கு ஒரு எழுத்துப் பதில், கடிகாரம் வைத்து, எட்டு வாரம் எழுதுங்கள். தேர்வுக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குகிறார்கள், ஆரம்ப வழிகாட்டல், ஒப்புதல் படிவம் போக நாலே முக்கால் மணி. கொள்குறிக் கேள்விகளை மூன்றரை மணிக்குள் முடித்தால் இந்தப் பதிலுக்கு ஒரு மணிக்கு மேலேயே மிஞ்சும். தேர்வு அமைப்பின் இலவசக் கையேட்டில் 13 திறன்களும் வரி வரியாக இருக்கின்றன, நானூறு பக்கக் குறிப்பை மூடி வைத்துவிட்டு அந்தக் கையேட்டின் தற்போதைய பதிப்பை எடுங்கள்.

வாட்ஸ்அப் குழு

சேராதீர்கள். தேர்வுக்கு முன் திரையில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளில் கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது, அப்படி வெளியானதைப் பயன்படுத்தவும் கூடாது என்பது உண்டு. மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், சான்றிதழுக்கே ஆபத்து வரலாம். இரண்டு முறை தோற்றவரின் பயத்தை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள், எனக்குக் கோபமாக வருகிறது. அந்தப் பணத்தில் எழுத்துச் சில்லுகளும் குழந்தைகள் வாசிக்கும் ஃபோனிக்ஸ் புத்தகங்களும் வாங்குங்கள், உங்கள் மகனுக்கும் உதவும்.

கணிதத்துக்கு மாறலாமா

இது நியாயமான கேள்வி. 4 முதல் 8 வரை கணிதம் மட்டும் எடுக்கும் சான்றிதழுக்கு எஸ்டிஆர் வேண்டியதில்லை என்பது சரிதான். எம்.எஸ்ஸி. படித்த உங்களுக்கு அந்தப் பாடத் தேர்வு கஷ்டமாகவும் இருக்காது. குடும்பத்துக்கு இந்த வருடமே முழுச் சம்பளம் கட்டாயம் தேவை என்றால் உங்கள் சான்றிதழ் திட்டத்திடம் பேசி அனுமதி வாங்கி அந்தத் தேர்வை எழுதுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. பிறகு நிலையான சான்றிதழ் கையில் வந்ததும் ஆரம்ப வகுப்புகளைத் தேர்வெழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அப்போதும் எஸ்டிஆர் வாசலில் நிற்கும்.

நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம், மொத்தம் ஐந்து முறைதான் இந்தத் தேர்வை எழுதலாம், முதல் முறையும் அதில் சேர்த்தி. இரண்டு போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 நாள் இடைவெளியும் வேண்டும். அடுத்த மாதமே எழுதிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம். 30 நாளில் எழுதலாம் என்பது அனுமதிதான், அவசரம் இல்லை. ஐந்தும் கைவிட்டால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, அதற்குக் கூடுதல் படிப்பைக் காட்ட வேண்டியிருக்கும், அந்த அளவுக்குப் போகாது என்றுதான் நினைக்கிறேன். பள்ளிகள் ஆகஸ்டில் திறக்கும், ஆள் எடுப்பது வசந்த காலத்திலிருந்தே நடக்கும், அந்தக் கணக்கை வைத்துத் தேதி குறியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கடிதத்தில் கிண்டர்கார்டன் பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கணிதத்தைப் பற்றி ஒரு வரி. எட்டு வாரம் ஒழுங்காகப் படித்து மூன்றாவது முறை எழுதுங்கள், அதுவரை கணிதத்தைக் கையில் வைத்திருங்கள். வீட்டுக்காரரிடம் இந்த மதிப்பெண் தாளைக் காட்டி, எங்கே குறைந்தது என்று நீங்களே விளக்குங்கள். அவருக்கும் இதுவரை தெரிந்தது 'ஃபெயில்' என்ற ஒரு வார்த்தை மட்டும்தானே. வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டால் அந்த எழுத்துப் பதில் முடிந்துவிடும்.

மகனைப் பற்றி

இரண்டு மொழி அவனைக் குழப்பவில்லை, தமிழை நிறுத்திவிடாதீர்கள். தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்பதே அவனுக்கு ஒலியும் எழுத்தும் பொருந்தும் தத்துவம் புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். தமிழில் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய நேராகப் பொருந்தும், ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல், அதனால் அதற்கு அதிக நாளும் அதிக நேரடிப் பாடமும் தேவை. இன்றிரவு ஒரு புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'மிப்', 'டாஃப்', 'ஸ்னெக்' என்று அர்த்தமே இல்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அவற்றை வாசித்தால் அடிப்படை இருக்கிறது, ஊகிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். வாசிக்க முடியவில்லை என்றால் எந்த எழுத்தில் தடுக்குகிறான் என்று குறித்து வையுங்கள்.

டிஸ்லெக்சியாவோ என்று பயந்து, எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதவில்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். டிஸ்லெக்சியா கண்ணில் எழுத்து தலைகீழாகத் தெரியும் கோளாறு கிடையாது, பெரும்பாலும் சொல்லின் ஒலிகளைப் பிடிப்பதில் உள்ள சிரமம்தான் (தேர்விலும் இதைக் கேட்பார்கள்). டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முடிவிலும், முதல் வகுப்பில் ஜனவரி 31-க்குள்ளும் இதற்கான முதற்கட்டச் சோதனை கட்டாயம். அதன் முடிவைப் பள்ளியிடம் கேட்டு வாங்குங்கள், பெற்றோருக்கு அது உரிமை. சந்தேகம் தீரவில்லை என்றால் முழு மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று யாராவது சொன்னால் அதற்காக நிறுத்தாதீர்கள், தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றிய பதிலை முதல் வாரப் பயிற்சியாக மறுபடி எழுதி அனுப்புங்கள். இந்த முறை அவள் செய்த பிழைகளிலிருந்து தொடங்குங்கள், படித்துவிட்டு ஒவ்வொரு பத்தியிலும் குறித்து அனுப்புகிறேன்.